என்பிஏ அணிக்குத் தொடக்க ஐவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2015 ஜூன் 11 அன்று கிளீவ்லாந்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதிச்சுற்றில் நான்காவது ஆட்டம். நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்குக் கோப்பை; கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் தொடரில் 1-2 என்று பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் தன் வழக்கமான சென்டரான (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) ஆண்ட்ரூ போகட்டைப் பெஞ்சில் அமர்த்தினார். போகட்டின் உயரம் 2.13 மீட்டர். அவர் இடத்தில் பதினைந்து சென்டிமீட்டர் குறைவான ஆண்ட்ரே இகுவடாலா களமிறங்கினார். அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்கள் ஒன்றில்கூட இகுவடாலா தொடக்க ஐவரில் இருந்ததில்லை. வாரியர்ஸ் 103-82 என்று வென்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று கோப்பையையும் எடுத்தது. இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவடாலாவுக்குப் போனது.

எதிரணியான கிளீவ்லாந்தில் கைரி எர்விங்கும் கெவின் லவ்வும் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் வாரியர்ஸ் பக்கம் புதிதாக யாரும் வந்துவிடவில்லை, யாருடைய திறமையும் ஒரே இரவில் கூடிவிடவில்லை. இருந்த ஆட்களையே வேறு விதமாகச் சேர்த்ததில் ஆட்டம் மாறியது. புதிதாக என்பிஏ பார்க்கத் தொடங்கும் பலர், அணியின் ஐந்து சிறந்த ஆட்டக்காரர்களை எழுதிவிட்டால் அதுதான் தொடக்க ஐவர் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மூன்று இடங்கள் அப்படி நிரம்பும், நான்காவது சில வேளை நிரம்பும், ஐந்தாவது அநேகமாக நிரம்பாது. இந்தக் கட்டுரை அந்த ஐந்து இடங்களையும் நிரப்பும் வழியைச் சொல்கிறது. உங்களுக்குப் பிடித்த அணியின் ஆட்டக்காரர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பயன் அதிகம்.

முதலில், கணக்கு

என்பிஏ ஆட்டம் 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்டது. மொத்தம் 48 நிமிடம். களத்தில் எப்போதும் ஐந்து பேர், ஆகவே ஓர் ஆட்டத்தில் பயிற்சியாளர் பங்கிட வேண்டியது 240 நிமிடம். நம் ஊர்க் கல்லூரிப் போட்டிகளில் பார்க்கும் சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம்தான், ஐந்து ஃபவுலில் ஒருவர் வெளியேற வேண்டும். என்பிஏவில் ஆறு ஃபவுல்.

அணியில் நிலையான ஒப்பந்தம் உள்ளவர்கள் 15 பேர்வரை இருக்கலாம். ஆனால் சாதாரணமாக ஓர் ஆட்டத்தில் ஒன்பது, பத்துப் பேர்தான் பொருட்படுத்தத்தக்க நேரம் ஆடுகிறார்கள். தொடக்க ஐவர் ஒவ்வொருவரும் சராசரியாக 34 நிமிடம் ஆடினால் 170 நிமிடம் போய்விடும். மீதி 70 நிமிடம் மூன்று நான்கு மாற்று ஆட்டக்காரர்களுக்கு. தொடக்க ஐவரை முடிவு செய்யும்போதே இந்த 70 நிமிடத்தையும் நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள். ஐந்து பேரை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போனால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

யாரைச் சுற்றி அணி?

பட்டியலில் மேலிருந்து கீழாகப் போகாதீர்கள். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவரை நடுவில் எழுதுங்கள். அவர் எங்கே நின்று ஆடுகிறார், எதைச் செய்யும்போது எதிரணி திணறுகிறது, எதைச் செய்ய இயலாமல் தவிக்கிறார் என்று மூன்று வரி எழுதுங்கள். மற்ற நால்வரும் அந்த மூன்று வரிக்குப் பதில் சொல்பவர்களாக இருக்க வேண்டும்.

இதற்கு 2022-23 பருவத்து டென்வர் நகெட்ஸைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. நிகோலா யோகிச் சென்டர், ஆனால் அணியின் தலைசிறந்த பாஸ் அவருடைய கையிலிருந்துதான் வருகிறது. குதிப்பதிலும் ஓடுவதிலும் வேகமானவர் அல்லர். அப்படியானால் அவருக்கு என்ன வேண்டும்? பந்தைக் கொடுத்து வாங்கி, கடைசி நொடிகளில் தானாகவே புள்ளி எடுக்கும் ஒரு கார்டு (வெளிப்பக்கத்தில் பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்): ஜமால் மர்ரி. தூரத்திலிருந்து எறியக்கூடிய, எறிய வாய்ப்பில்லாதபோதும் எதிரணி விட்டு விலக முடியாத ஒருவர்: மைக்கேல் போர்ட்டர் ஜூனியர். வளையத்தை நோக்கி வெட்டி ஓடி அந்தப் பாஸை முடிப்பவரும், எதிரணியின் பலமான முன்வரிசை ஆட்டக்காரரைத் தாங்குபவரும்: ஆரன் கார்டன். எதிரணிக் கார்டை நிழலாகத் தொடர்ந்து, தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சையும் நம்பகமாகப் போடுபவர்: கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்.

கார்டன் 2021 மார்ச்சில் ஆர்லாண்டோவிலிருந்து வந்தார், கால்ட்வெல்-போப் 2022இல் வாஷிங்டனிலிருந்து வந்தார். இருவரும் நட்சத்திரங்களாக அழைத்துவரப்படவில்லை. ஆர்லாண்டோவில் கார்டன் பந்தைத் தன் கையில் அதிகம் வைத்து ஆடியவர். டென்வரில் அந்த வேலை அவரிடம் கேட்கப்படவில்லை, தன்னால் மிக நன்றாகச் செய்ய முடிந்ததை மட்டும் செய்தார். 2023இல் மயாமியை 4-1 என வென்று நகெட்ஸ் தன் முதல் கோப்பையைப் பெற்றது. அந்த ஐவரில் யோகிச்சைத் தவிர ஒருவர்கூட அதுவரை, பருவத்தின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை.

பந்து யாரிடம்?

களத்தில் ஒரே ஒரு பந்துதான். ஒரு தாக்குதலுக்கு 24 நொடிதான். பந்து கையில் இருந்தால் மட்டுமே பயன்படுபவர்கள் மூன்று பேரைச் சேர்த்து இறக்கினால், எந்த நேரத்திலும் இருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2021-22 பருவத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் லெப்ரான் ஜேம்ஸ், அந்தோனி டேவிஸ், ரஸல் வெஸ்ட்புரூக் மூவரையும் ஒன்று சேர்த்தது. பெயர்களைப் பார்த்தால் கோப்பைக்கான அணி. முடிவு 33 வெற்றி, 49 தோல்வி, லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்கே போகவில்லை. காயங்களும் பெரிய காரணம்தான். ஆனால் மூவரும் நலமாக ஆடிய நாட்களிலும் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. லெப்ரானிடம் பந்து இருக்கும்போது வெஸ்ட்புரூக்கைக் காவல் செய்தவர் அவரைத் தூரத்தில் தனியே விட்டுவிட்டு வளையத்துக்கு அருகே போய் நின்றுகொண்டார். வெஸ்ட்புரூக் அங்கிருந்து எறிந்தால் அது எதிரணி விரும்பிய வீச்சு. அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே அவர் பெஞ்சுக்கு மாற்றப்பட்டார். அங்கே லெப்ரான் ஓய்வெடுக்கும் நேரத்தில் பந்து அவர் கையில் இருக்க முடிந்தது.

ஆகவே உங்கள் ஐவரில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: பந்து இல்லாதபோது இவர் என்ன செய்வார்? ‘மூலையில் நின்று எறிவார்’, ‘ஸ்கிரீன் வைப்பார்’, ‘பின்பக்கமாக வெட்டி ஓடுவார்’, எதுவாயினும் சரி. ஸ்கிரீன் என்பது காவல் செய்பவரின் வழியில் உடலை அசையாமல் நிறுத்தி, தன் அணியின் ஆட்டக்காரரை விடுவிப்பது. விடையே எழுத முடியாதவர் ஒருவர் இருக்கலாம், அவர் உங்கள் நட்சத்திரமாக இருந்தால். இரண்டாவது ஒருவர் அப்படி இருந்தால் அவரைப் பெஞ்சுக்கு நகர்த்திப் பாருங்கள்.

இடம் இருக்கிறதா?

மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இரு மூலைகளில் 6.71 மீட்டர்தான். அதனால் மூலை வீச்சு எளிது, அந்த மூலையில் நிற்பவரை எதிரணி விட்டு நகரவும் தயங்கும். நான்கு பேர் தூரத்திலிருந்து எறியக்கூடியவர்களாக இருந்தால் வளையத்தைச் சுற்றி வெற்றிடம் உண்டாகிறது. உங்கள் நட்சத்திரம் அதில் நுழைகிறார்.

2023-24இல் பாஸ்டன் செல்டிக்ஸ் இதன் எல்லைக்கே போனது. ஜ்ரூ ஹாலிடே, டெரிக் வைட், ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ்: ஐந்து பேரும் மூன்று புள்ளி எறிவார்கள். 2.18 மீட்டர் உயரமுள்ள போர்சிங்கிஸ் வெளியே வந்து நின்றதும், எதிரணியின் உயரமானவர் வளையத்தை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டியிருந்தது. 64 ஆட்டங்களில் வென்று, கோப்பையையும் வென்றார்கள். பிளேஆஃபின்போது போர்சிங்கிஸ் காயமடைந்து நெடுநாள் ஒதுங்கியிருந்தார், அந்த இடத்தில் அல் ஹார்ஃபோர்ட் தொடங்கினார். அவரும் மூன்று புள்ளி எறியும் சென்டர்தான் என்பதால் அணியின் ஆட்டமுறை குலையவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க ஐவரில் ஒருவர் விழுந்தால் அதே வேலையைச் சற்றுக் குறைந்த அளவிலாவது செய்ய பெஞ்சில் ஆள் உண்டா என்பது பெரிய கேள்வி.

எறியத் தெரியாத ஒருவரை ஐவரில் வைக்கலாம். அவர் ஸ்கிரீன் வைத்து வளையத்துக்கு ஓடுபவராக இருக்க வேண்டும். இரண்டு பேர் அப்படி இருந்தால் ஒருவராவது யோகிச் போலப் பாஸ் கொடுப்பவராக இருந்தால்தான் தாங்கும்.

தடுப்பு: யார் யாரைக் காப்பது?

புதியவர்கள் இந்தப் பகுதியை மிகவும் குறைவாக மதிக்கிறார்கள். புள்ளி அடிப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார், அடிக்கவிடாமல் செய்தவர் தெரிவதில்லை.

ஒரு தாளில் எதிரணியின் ஐந்து பெயர்களை எழுதி, உங்கள் ஐவரிலிருந்து ஒவ்வொருவருக்கும் கோடு இழுங்கள். முதலில் எதிரணியின் சிறந்த கார்டுக்கு ஒருவர். அடுத்து அவர்களுடைய பெரிய ஃபார்வர்டுக்கு (முன்வரிசை ஆட்டக்காரர்) ஒருவர். பிறகு வளையத்தருகே நிற்பவர். இந்த மூன்று கோடுகளும் உறுதியாக இருந்தால் மற்ற இரண்டைச் சமாளிக்கலாம். உங்கள் அணியின் தடுப்பில் பலவீனமானவர் யாரோ அவரை எதிரணியில் எறியத் தயங்கும் ஆளிடம் நிறுத்துங்கள்.

ஆனால் ஒளித்து வைப்பதற்கு எல்லை உண்டு. இன்றைய என்பிஏவில் எதிரணி அந்தப் பலவீனமானவர் காவல் செய்யும் ஆளை வரவழைத்து, அவரையே ஸ்கிரீன் வைக்கச் சொல்லி, பலவீனமானவரைத் தன் நட்சத்திரத்தின் முன் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஒருவர் என்றால் மற்ற நால்வர் உதவலாம். இருவர் என்றால் உதவிக்குப் போகும் ஆளுக்கே உதவி தேவைப்படும். தாக்குதலில் எத்தனை திறமை இருந்தாலும் தடுப்பில் பலவீனமான இருவரைச் சேர்த்துத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

பாயின்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு, ஸ்மால் ஃபார்வர்டு, பவர் ஃபார்வர்டு, சென்டர் என்ற ஐந்து பெயர்களும் பேசுவதற்கு வசதியானவை. ஆனால் ஐவரைச் சரிபார்க்க, வேலைகளைக் கேளுங்கள்: பந்தை எடுத்து வருவது யார், ஐந்து நொடி மிச்சமிருக்கும்போது தானாகப் புள்ளி எடுப்பது யார், ஸ்கிரீன் வைப்பது யார், எதிரணி நட்சத்திரத்தைக் காப்பது யார், ரீபவுண்டுக்கு (தவறிய வீச்சில் திரும்பும் பந்தைப் பிடிப்பது) உடம்பைக் கொடுப்பது யார். ஒருவரே இரண்டு வேலை செய்யலாம். ஆளில்லாத வேலை ஒன்றும் இருக்கக் கூடாது.

ஐந்தாவது இடம்

இனி சிரமமான பகுதி. நான்கு பேர் தாமாக அமைந்துவிட்டார்கள். மீதி ஓர் இடத்துக்கு இரண்டு மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். ஒருவர் அனுபவசாலி, ஒருவர் புள்ளி அடிப்பவர், ஒருவர் வளர வேண்டிய இளைஞர். ‘யார் சிறந்தவர்’ என்று கேட்டால் தவறான விடை வரும். கேட்க வேண்டியவை வேறு மூன்று: இந்த நால்வரோடு சேர்ந்தால் யாருடைய ஆட்டம் அதிகம் மேம்படும்? பெஞ்சுக்குப் போனால் யாருடைய ஆட்டம் குறைவாகச் சரியும்? பெஞ்சில் உள்ளவர்களை நடத்திச் செல்ல யாரால் முடியும்?

2014இல் ஸ்டீவ் கெர் வாரியர்ஸ் பயிற்சியாளராக வந்தபோது இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டார். இகுவடாலா அதுவரை ஆடிய 758 லீக் ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இருந்தவர், ஆல்-ஸ்டார், ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர். போட்டிக்கு நின்ற ஹாரிசன் பார்ன்ஸுக்கு அப்போது 22 வயது. முந்தைய பருவத்தில் பெஞ்சிலிருந்து வந்து திணறியிருந்தார். யார் சிறந்தவர் என்று கேட்டால் இகுவடாலாதான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

கெர் பார்ன்ஸைத் தொடக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். காரணம் இதுதான். பார்ன்ஸ் தானாக வாய்ப்பை உண்டாக்குவதில் வல்லவர் அல்லர். பெஞ்ச் ஆட்களோடு ஆடும்போது அந்தச் சுமை அவர் தலையில் விழுந்தது. ஸ்டெஃபன் கரியும் க்ளே தாம்சனும் பக்கத்தில் இருந்தால் எதிரணியின் கவனம் அவர்கள் மேல் போகும், பார்ன்ஸுக்குத் தடையில்லாத வீச்சுகள் கிடைக்கும். மறுபக்கம், இகுவடாலா பந்தைக் கையாளுவார், பாஸ் கொடுப்பார், பெஞ்ச் ஆட்களை அமைதியாக நடத்துவார். அவர் அங்கே போனால் பெஞ்ச் உயரும். தனித்தனியே பார்த்தால் தலைகீழாகத் தோன்றும் இந்த முடிவு, 240 நிமிடத்தையும் சேர்த்துப் பார்த்தால் சரியாக அமைகிறது. அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் 67 ஆட்டங்களில் வென்று 15இல் மட்டும் தோற்றது.

அதே பருவத்தில் இன்னொரு இடம் வேறு விதமாக நிரம்பியது. பவர் ஃபார்வர்டு டேவிட் லீ இரண்டு முறை ஆல்-ஸ்டார், அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர். பருவம் தொடங்கும் முன் அவருடைய தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. அந்த இடத்தில், அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2012 தேர்வில் 35ஆவதாக எடுக்கப்பட்ட டிரேமண்ட் கிரீன் தொடங்கினார். கிரீன் கார்டிலிருந்து சென்டர்வரை யாரையும் காவல் செய்வார், பாஸ் கொடுப்பார், கத்திக் கத்தித் தடுப்பை ஒழுங்குபடுத்துவார். லீ நலமாகித் திரும்பியபோது இடம் காலியாக இல்லை. லீயின் காயம் இல்லாமலிருந்தால் இந்த மாற்றம் எவ்வளவு தாமதமாகியிருக்கும் என்று யோசிக்கிறேன். சம்பளமும் பழைய விருதுகளும் ஒருவருக்கு முதலில் முயன்று பார்க்கும் உரிமையைத் தரலாம். அதற்கு மேல் அவற்றுக்கு எடை கொடுக்க வேண்டாம்.

இளைஞரை ஐந்தாவது இடத்தில் வைத்து வளர்ப்பது நல்ல யோசனையா? கோப்பைக்குப் போட்டியிடாத அணி என்றால் ஆம், தயக்கமே வேண்டாம். கோப்பை எட்டும் தூரத்தில் இருந்தால், அவர் தடுப்பில் இடம் தெரிந்து நிற்பவராக இருந்தால் மட்டும்.

நேரத் தாள்

இப்போது ஒரு தாளில் 48 கட்டங்கள் வரையுங்கள், நிமிடத்துக்கு ஒன்று. ஐவர் பெயரையும் மாற்று ஆட்டக்காரர்கள் பெயரையும் இடப்பக்கம் எழுதி, யார் எந்த நிமிடத்தில் களத்தில் என்று நிரப்புங்கள். பெரும்பாலான அணிகளில் முதல் மாற்றம் ஆறேழு நிமிடத்தில் வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் இரு நட்சத்திரங்களும் ஒரே சமயத்தில் பெஞ்சில் இருக்கும் நிமிடங்கள் எத்தனை? அதைச் சுழிக்கு அருகில் கொண்டுவாருங்கள். முதலாமவர் முதல் கால்பகுதியின் நடுவில் வெளியே வந்து, இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில் மாற்று ஆட்டக்காரர்களோடு இறங்கலாம். இரண்டாமவர் முதல் கால்பகுதி முழுவதும் ஆடிவிட்டு அப்போது ஓய்வெடுக்கலாம். தொடக்க ஐவர் ஐந்து பேரும் சேர்ந்தே ஆடும் நேரம் ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்கும். மீதி நேரமெல்லாம் கலப்பு ஐவர்கள்தான். தொடக்கத்தில் முதல் கால்பகுதிக்குள் ஒருவர் இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் பயிற்சியாளர்கள் வழக்கமாக அவரை வெளியே அழைத்துவிடுவார்கள், ஆகவே ஃபவுல் அதிகம் வாங்கும் சென்டர் உங்களிடம் இருந்தால் அவருக்கான மாற்றையும் தாளிலேயே எழுதி வையுங்கள்.

தொடங்கும் ஐவரும் முடிக்கும் ஐவரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கடைசி ஐந்து நிமிடத்துக்கான ஐவரைத் தனியே எழுதுங்கள். அங்கே ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) தவறவிடாதவர்களும், எவரிடமும் மாறிக் காவல் செய்யக்கூடியவர்களும் முன்னுரிமை பெறுவார்கள்.

பெஞ்சுக்குப் போகிறவரிடம் பேசுவது

இது தாளில் தீராத வேலை. பாஸ்டனில் பயிற்சியாளர் ரெட் ஆவர்பேக் காலத்திலேயே ஃபிராங்க் ராம்சேயும் ஜான் ஹாவ்லிசெக்கும் பெஞ்சிலிருந்து ஆறாவது ஆளாக வந்து ஆட்டத்தைத் திருப்பினார்கள். சான் அன்டோனியோவின் மனு ஜினோபிலி 1,057 லீக் ஆட்டங்களில் 349இல் மட்டுமே தொடக்க ஐவரில் இருந்தார். நான்கு கோப்பைகள் வென்றார், 2022இல் புகழ்பெற்றோர் மன்றத்திலும் சேர்க்கப்பட்டார். டிம் டங்கனும் டோனி பார்க்கரும் ஓய்வெடுக்கும்போது அணியின் மொத்தத் தாக்குதலும் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதே பயிற்சியாளர் கிரெக் போபோவிச்சின் எண்ணம்.

எல்லாரும் ஜினோபிலி அல்லர், அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. தொடக்க இடம் என்பது ஆட்டக்காரருக்கு மரியாதை மட்டுமன்று, சில வேளை பணமும்கூட. முதல் சுற்றில் தேர்வான இளைஞரின் முதல் ஒப்பந்தம் முடியும்போது, அவர் குறிப்பிட்ட அளவு ஆடியிருக்கிறாரா என்பதைப் பொறுத்து அணி அவருக்குத் தர முன்வர வேண்டிய தொகை மாறுகிறது. அந்த அளவு 41 தொடக்கங்கள் அல்லது 2,000 நிமிடம். இதை அறிந்த ஒருவர் முகம் வாடினால் அவரைச் சுயநலவாதி என்று சொல்வது தவறு.

ஆகவே முடிவை மற்றவர்கள் வழியாக அவர் அறியக் கூடாது. பயிற்சியாளர் நேரில், தனியே, காரணத்தோடு சொல்ல வேண்டும். எத்தனை நிமிடம் கிடைக்கும், எந்த ஐவரோடு, என்ன வேலைக்கு என்பதையும் அதே பேச்சில் சொல்ல வேண்டும். ‘அணிக்காகத் தியாகம் செய்’ என்று மட்டும் சொல்வது ஒருவருடைய உழைப்பை அவமதிப்பது.

எண்கள் எவ்வளவு சொல்லும்?

என்பிஏவின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரத் தளத்தில் ஒவ்வொரு ஐவரும் சேர்ந்து ஆடிய நிமிடங்களும், நூறு தாக்குதல்களுக்கு அவர்கள் எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். பயனுள்ள எண்தான். ஆனால் அவசரப்பட்டால் ஏமாற்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஐவர் ஆட்டத்துக்கு 15 நிமிடம் வீதம் பத்து ஆட்டம் சேர்ந்து ஆடினால் 150 நிமிடம். ஓர் அணிக்கு 48 நிமிடத்தில் ஏறத்தாழ நூறு தாக்குதல் என்று கொண்டால், இது 310 தாக்குதல் அளவு. நூறு தாக்குதலுக்கு 35 மூன்று புள்ளி வீச்சு என்று வைத்தால் சுமார் 110 வீச்சு. வழக்கமாக 36 விழுக்காடு விழும், அதாவது 40. அதிர்ஷ்டத்தால் 42 விழுக்காடு விழுந்தால் 46. ஆறு வீச்சு கூடுதல், 18 புள்ளி கூடுதல். நூறு தாக்குதலுக்குக் கிட்டத்தட்ட ஆறு புள்ளி. ஒரு நடுத்தர அணிக்கும் முன்வரிசை அணிக்கும் இடையே உள்ள தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆறு பந்துகள் வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதில் ஓர் ஐவர் அற்புதமாகவும் தெரியலாம், படுமோசமாகவும் தெரியலாம்.

அதனால் முதல் இருபது ஆட்டங்களில் மொத்த எண்ணைவிட உள்ளே இருப்பதைப் பாருங்கள். எத்தனை வீச்சுகள் தடையில்லாமல் கிடைத்தன? வளையத்தருகே எத்தனை முறை போக முடிந்தது? எதிரணிக்கு எத்தனை ரீபவுண்ட் இரண்டாம் வாய்ப்பாகக் கொடுத்தீர்கள்? பந்து எத்தனை முறை பறிபோனது? இவை வீச்சு விழுவதைவிட விரைவில் நிலைபெறுபவை. எண் மோசமாகவும் இந்த விடைகள் நன்றாகவும் இருந்தால் பொறுங்கள். எண் நன்றாகவும் விடைகள் மோசமாகவும் இருந்தால் இப்போதே மாற்று யோசனையைத் தொடங்குங்கள்.

எப்போது மாற்றுவது?

82 ஆட்டம் கொண்ட பருவத்தில் இரண்டு தோல்விக்கு ஐவரை மாற்றும் பயிற்சியாளரை ஆட்டக்காரர்கள் நம்ப மாட்டார்கள். நான் இருபது ஆட்டம்வரை பொறுப்பேன், காயம் தவிர.

பிளேஆஃப் வேறு. ஒரே எதிரணியோடு அதிகபட்சம் ஏழு ஆட்டம். அங்கே பொறுமையே தோல்விக்குக் காரணமாகலாம். 2015இன் அந்த மாற்றத்தை முன்மொழிந்தவர் கெரின் உதவியாளர் நிக் யூரென். முந்தைய ஆண்டின் இறுதிச்சுற்றில் சான் அன்டோனியோ, டியாகோ ஸ்பிளிட்டரின் இடத்தில் போரிஸ் டியாவைத் தொடக்கத்தில் இறக்கி மயாமியைத் திணறடித்ததைக் காணொளியில் பார்த்திருந்தார். உயரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தையும் பாஸையும் வாங்கும் பேரம் அது. விட்டுக்கொடுத்தது கொஞ்சமன்று: அந்த நான்காவது ஆட்டத்தில் கிளீவ்லாந்தின் உயரமான சென்டர் டிமோஃபி மோஸ்கோவ் 28 புள்ளி எடுத்தார். ஆனாலும் வாரியர்ஸ் 21 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாந்துப் பயிற்சியாளர் டேவிட் பிளாட், மோஸ்கோவை ஒன்பது நிமிடம் மட்டுமே ஆடவிட்டார். எதிரணி தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி செய்வது நல்ல மாற்றத்தின் அடையாளம். என்ன இழக்கிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அந்த இழப்பு நிகழும்போது பதற மாட்டீர்கள்.

தொடக்க ஐவர் பட்டியலை ஆட்டத்துக்கு அரை மணி முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது இன்றைய விதி. ஆகவே எதிரணியை நீண்ட நேரம் இருட்டில் வைத்திருக்க முடியாது. மாற்றம் அதன் தகுதியில்தான் நிற்க வேண்டும்.

திரும்பி வருவதற்கும் வழி வைத்துக்கொள்ளுங்கள். 2025 இறுதிச்சுற்றில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட், இந்தியானாவின் வேகத்தைக் கருதி, முதல் ஆட்டத்தில் சென்டர் ஐசையா ஹார்டென்ஸ்டைனுக்குப் பதிலாகக் கார்டு கேசன் வாலஸைத் தொடங்க வைத்தார். அந்த ஆட்டத்தில் 0.3 நொடி மிச்சமிருக்கையில் டைரீஸ் ஹாலிபர்டன் எறிந்த பந்து விழுந்து, தண்டர் 110-111 என்று தோற்றது. ஒரு புள்ளித் தோல்வியால் அவர் உடனே பின்வாங்கிவிடவில்லை. தொடரின் போக்கைப் பார்த்து, 1-2 என்று பின்தங்கிய பிறகு நான்காவது ஆட்டத்தில் ஹார்டென்ஸ்டைனைத் திரும்பக் கொண்டுவந்தார். தண்டர் 4-3 என்று கோப்பையை வென்றது. வாலஸ், ஹார்டென்ஸ்டைன் இருவருமே அந்தப் பருவத்தில் பல ஆட்டங்களில் தொடக்க ஐவரில் ஆடியிருந்தார்கள் என்பது அந்த மாற்றத்தை எளிதாக்கியது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், தோற்றாலும் பெரிய நட்டமில்லாத ஆட்டங்களில், உங்கள் இரண்டாவது ஐவரையும் சில முறை தொடங்க வைத்துப் பாருங்கள். ஏப்ரலில் தேவைப்படும்போது அவர்களுக்கு அது முதல் முறையாக இருக்கக் கூடாது.